மீன் தொட்டி ஜலமும் சிறு காற்றுக் குமிழிகளும்

கிணற்றுப் பாசனமும் சொற்ப நிலமும் உடைய விவசாயிகள் அநேகர், பயிர் வருமானத்துக்குத் துணையாக வண்ண மீன் வளர்க்கும் தொழிலைச் சில வருஷங்களாக மேற்கொண்டு வருகின்றனர். சென்னை நகரின் வடபாகத்திலுள்ள கொளத்தூர் இத்தொழிலுக்கு இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஸ்தலம். அங்கே சந்தை இருப்பதால் சுற்றுப்புற ஜில்லாக்களிலும் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தொட்டிகள் எழும்பியுள்ளன. 2020-ம் வருஷத்தில் மத்திய சர்க்கார் தொடங்கிய மத்ஸ்ய சம்பதத் திட்டத்தில் வண்ண மீன் வளர்ப்புக்கும் உதவித்தொகை வகுக்கப்பட்டது. பொதுப் பிரிவினருக்கு மதிப்பீட்டுச் செலவில் 100-க்கு 40-ம், பெண்களுக்கும் ஆதிதிராவிட, பழங்குடி வகுப்பினருக்கும் 100-க்கு 60-ம் என்பது அதன் விகிதம். தொழில் நல்லதே; கைக்கு அடக்கமானது; வீட்டுப் பெண்களும் கவனித்துக் கொள்ளக் கூடியது. ஆனால் தொழில் பரவும் இடத்துக்குக் கூடவே விளம்பரமும் பரவுகிறது. மிக நுண்ணிய காற்றுக் குமிழிகளை உண்டாக்கும் யந்திரம் ஒன்றைத் தொட்டியில் இறக்கி விட்டால் ஜலம் தானாகவே சுத்தமாகி விடும், அதை மாற்ற வேண்டிய அவசியமே இராது என்று வியாபாரிகள் சொல்வதை நம்பி, கடன் தொகையில் பெரும் பங்கை யந்திரத்துக்கே கொடுத்து விடுகிறவர்கள் உண்டு. இச்சொல்லில் பாதி உண்மை. மற்றப் பாதி, விவசாயியின் கைமுதலைக் கரைக்கக் கூடியது. எது எந்தப் பாதி என்பதைத் தெரிந்து கொள்ளாமல் கடன் பத்திரத்தில் கையெழுத்திடுவது புத்திசாலித்தனம் ஆகாது.

முதலில், தொட்டி ஜலம் எதனால் கெடுகிறது என்பதை யோசிக்க வேண்டும். கலங்கல் ஒன்றையே அழுக்கு என்று பலர் எண்ணுகின்றனர். கலங்கிய நீரில் மீன் சுகமாக வாழ்வதும், பளிங்கு போன்ற நீரில் ஒரே இரவில் செத்து மிதப்பதும் தொழிலில் உள்ளவர்கள் அறிந்ததே. கண்ணுக்குத் தெரியாத அழுக்குத்தான் கொல்லுகிறது. மீன் தின்ற தீவனத்திலுள்ள புரதத்தின் கழிவு அமோனியாவாகச் செவுள்களின் வழியே நீரில் கலக்கிறது. தின்னாமல் அடியில் தங்கிய தீவனமும், மலமும் அழுகி மேலும் அமோனியாவைத் தருகின்றன. 100-க்கு 35 பங்கு புரதமுள்ள தீவனம் ஒரு கிலோ போட்டால், ஏறக்குறைய 30 கிராம் அமோனியாத் தழைச்சத்து ஜலத்தில் சேரும் என்று கணக்கிடலாம். இந்த அமோனியா முழுவதும் விஷம் அல்ல. நீரின் காரநிலையையும் உஷ்ணத்தையும் பொறுத்து அதன் ஒரு பாகமே விஷ ரூபத்தில் இருக்கும். 30 டிகிரி உஷ்ணத்தில், கார அமில அளவு 7 உள்ள நீரில் அது 100-க்கு ஒரு பங்குக்கும் குறைவு. அளவு 8 ஆனால் 7 அல்லது 8 பங்கு. 9 ஆகிவிட்டால் பாதிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே உவர்க் கிணற்று நீரை உபயோகிப்பவர்களும், பாசி பிடித்துப் பகலில் காரம் ஏறும் தொட்டிகளை உடையவர்களும் மற்றவர்களைக் காட்டிலும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்கள். ஒரே மாதிரி மீன், ஒரே மாதிரி தீவனம், பக்கத்து ஊர்த் தொட்டியில் பிழைக்கிறது, இங்கே சாகிறது என்று அங்கலாய்ப்பவர்கள் முதலில் தங்கள் கிணற்று நீரைப் பரீட்சித்துப் பார்ப்பது நலம்.

இனிக் குமிழியின் வேலை. 30 டிகிரி உஷ்ணமுள்ள ஒரு லிட்டர் நல்ல நீரில் மிஞ்சிப் போனால் ஏழரை மில்லிகிராம் பிராணவாயுவே கரைந்து நிற்கும். அதே உஷ்ணத்தில் ஒரு லிட்டர் காற்றிலோ ஏறக்குறைய 270 மில்லிகிராம் இருக்கிறது. மீனுக்கு வேண்டிய சரக்கு தலைக்கு மேலேயே கொட்டிக் கிடக்கிறது. அது ஜலத்துக்குள் இறங்கும் வாசல்தான் குறுகியது. நீரின் மேற்பரப்பே அந்த வாசல். குமிழி விடுவதென்பது ஜலத்துக்குள் புதிய வாசல்களைத் திறப்பதாகும்.

இந்த உண்மை புதிதன்று. 1779-ல் இங்கன்ஹௌஸ் என்ற டச்சு வைத்தியர், வெயிலில் வைத்த நீர்ச்செடியின் இலையில் தோன்றும் குமிழிகள் பிராணவாயு என்றும், இருட்டில் அவை தோன்றுவதில்லை என்றும் கண்டு வெளியிட்டார். 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன நிபுணர், தங்கமீன்களையும் நாடா போன்ற இலையுள்ள நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்து, நீரை மாற்றாமலே நெடுநாள் காத்துக் காட்டினார். அதிலிருந்து பிறந்த ஆசையே 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொது ஜனங்களுக்கான முதல் மீன் காட்சிச் சாலையாக முடிந்தது. 1871-ல் அந்நகரின் கிரிஸ்டல் பாலஸில் அலங்காரத் தொட்டிகளை அமைத்த லாயிட் என்பவர் செடியை மட்டும் நம்பவில்லை. தரைக்கடியில் பெரிய நீர்த்தேக்கம் கட்டி, அதிலிருந்து ஜலத்தை இறைத்து, விசையுடன் தொட்டிகளில் பாய்ச்சி, பாயும்போதே காற்று கலக்கும்படி செய்தார். சென்னைக் கடற்கரையில் பொருட்காட்சிச் சாலைத் தலைவர் தர்ஸ்டன் முயற்சியால் 1909-ல் திறக்கப்பட்டு, இரண்டாம் உலக யுத்த காலத்தில் மூடப்பட்ட மீன் காட்சிச் சாலையைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் இருக்கக் கூடும்.

குமிழி சிறியதாக இருந்தால் என்ன லாபம் என்பது வெறும் கணக்கு. ஒரு லிட்டர் காற்றை 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள குமிழிகளாகப் பிரித்தால் அவற்றின் மேற்பரப்பு மொத்தம் 1.2 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் குமிழிகளாக்கினால் 6 சதுர மீட்டர். பத்தில் ஒரு மில்லிமீட்டராக்கினால் 60 சதுர மீட்டர். அதோடு சிறு குமிழி மெள்ளவே ஏறும். இரண்டடி ஆழத்திலிருந்து பெருங்குமிழி இரண்டு மூன்று விநாடியில் மேலே வந்து உடைந்து விடுகிறது. பத்தில் ஒரு மில்லிமீட்டர் குமிழி வந்து சேர ஒன்றரை நிமிஷத்துக்கு மேல் ஆகும். வாசலும் பெரிது, திறந்திருக்கும் நேரமும் நீளம். வியாபாரிகள் சொல்லும் பாதி உண்மை இதுவே. இதில் ஆட்சேபிப்பதற்கு ஒன்றும் இல்லை.

ஆனால் விவசாயியின் தொட்டி இரண்டு அல்லது மூன்றடி ஆழமே உடையது. அவ்வளவு ஆழமில்லாத தொட்டியில், பெருங்குமிழி அடிநீரை இழுத்துக் கொண்டு மேலே ஏறி, மேற்பரப்பைக் கலக்கி, பழைய நீரை விலக்கிப் புதிய நீரை வெளிக்காற்றில் காட்டுவதால் கிடைக்கும் பிராணவாயு அற்பமல்ல. சாதாரணக் கல்லிலிருந்து வரும் நடுத்தரக் குமிழி இவ்வேலையைத் திருப்தியாகச் செய்கிறது. மிக நுண்ணிய குமிழியோ புகை போல நின்று கொண்டிருக்குமேயன்றி நீரைத் தூக்காது. கரியமிலவாயுவை வெளியேற்றுவதிலும் அதற்குச் சாமர்த்தியம் குறைவு. சிறு பை சீக்கிரம் நிறைந்து விடுவது போல, அது கொஞ்சம் வாயுவை ஏற்றதுமே நிரம்பி விடுகிறது. நுண்துளைக் கல்லில் காற்றைத் தள்ள அதிக அழுத்தம் வேண்டும், அதற்கேற்ற பெரிய மோட்டார் வேண்டும், மின்சாரம் வேண்டும். உவர் நீரில் சில வாரங்களுக்குள் துளைகளில் சுண்ணாம்பு படிந்து அடைத்துக் கொள்ளும். இத்தனையும் சேர்த்துப் பார்க்கும்போது, சிறு தொட்டிக்குக் குமிழியின் நுண்மையில் காட்டும் அக்கறை அளவுக்கு மிஞ்சியது என்றே கூற வேண்டும்.

இதைவிட முக்கியமான சங்கதி ஒன்றுண்டு. குமிழி அமோனியாவைத் தானே அகற்றுவதில்லை. தொட்டி நீரில் இருக்கும் அளவான அமோனியா காற்றோடு பறந்து போகும் என்று எதிர்பார்ப்பது வீண். அதை மாற்றுபவை கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள். விவசாயிகளுக்கு இவை அந்நியமானவை அல்ல. வயலில் இட்ட அம்மோனியம் சல்பேட்டைப் புழுதி நிலத்தில் நைட்ரேட்டாக மாற்றுபவையும் இந்த இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்களே. ருஷ்ய விஞ்ஞானி வினோகிராட்ஸ்கி 1890-ல் இவற்றைத் தனியே பிரித்துக் காட்டினார். காற்றோட்டமுள்ள மண்ணில் வேலை செய்து, நீர் தேங்கிய மண்ணில் ஓய்ந்து விடுவது போலவே, தொட்டியிலும் பிராணவாயு கிடைத்தால் வேலை செய்யும். இல்லாவிடில் நின்று விடும். ஒரு கிராம் அமோனியாத் தழைச்சத்தை நைட்ரேட்டாக்க அவைகளுக்கு நாலரைக் கிராமுக்குச் சற்று அதிகமான பிராணவாயு தேவை. மேலே சொன்ன ஒரு கிலோ தீவனத்தின் கழிவுக்கு மட்டும் ஏறக்குறைய 137 கிராம் ஆகிறது. மீன் சுவாசிப்பது வேறு கணக்கு. ஆகவே குமிழி சுத்தம் செய்கிறது என்பதைவிட, சுத்தம் செய்பவர்களுக்குக் குமிழி சோறு போடுகிறது என்பதே பொருத்தம்.

இந்த முறையின் பெருமையைப் பெரிய அளவில் காட்டியவர்கள் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்துச் சாக்கடை நிபுணர்கள். ஆர்டர்ன், லாக்கெட் என்னும் இருவர் 1914-ல் சாக்கடை நீரில் காற்றை ஊதி, அடியில் தங்கிய வண்டலை எறியாமல் வைத்துக் கொண்டு, அடுத்த முறை புதுச் சாக்கடையை அதன் மேலேயே ஊற்றி மீண்டும் ஊதினார்கள். ஒவ்வொரு முறையும் சுத்தமாகும் காலம் குறைந்து கொண்டே வந்தது. காற்று ஒவ்வொரு முறையும் அதே காற்றுத்தான். வண்டலில் குடியேறிய நுண்ணுயிர்க் கூட்டமே பெருகியது. இவர்களுக்கு வழிகாட்டிய பௌலர் என்ற ஆசிரியர் பிற்பாடு பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்து பணியாற்றினார் என்பதும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது.

இதே தத்துவத்தைச் சில நூறு ரூபாய்க்குள் அடக்கியதுதான் கடைகளில் விற்கும் ஸ்பாஞ்சு வடிகட்டி. ஒரு குழாயின் அடியில் காற்றை விட்டால் குமிழிகள் குழாய்க்குள் ஏறும்போது நீரையும் தூக்கிச் செல்கின்றன. அந்த இடத்தை நிரப்ப வரும் நீர் ஸ்பாஞ்சின் வழியே நுழைகிறது. அழுக்கு ஸ்பாஞ்சில் தங்க, உள்ளே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அமோனியாவை மாற்றுகின்றன. ஓடும் பாகம் வேறொன்றும் இல்லை. பழுதானால் ஊரிலேயே சரிசெய்யலாம். குஞ்சுகளை உறிஞ்சி விடும் பயமும் இல்லை. இதைக் கையாளுபவர்கள் செய்யும் பிழைகள் இரண்டு. புதுத் தொட்டியில் முதல் நாளே மீனை நிறைத்து விடுவது ஒன்று. நுண்ணுயிர்கள் போதிய அளவு பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். பாலுக்கு உறை ஊற்றுவது போல, நன்றாக ஓடிக் கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்சை எடுத்துப் புதுத் தொட்டியில் போட்டால் இக்காலம் வெகுவாகக் குறையும்; ஆனால் நோய் கண்ட தொட்டியிலிருந்து எடுக்கலாகாது. இரண்டாவது பிழை, ஸ்பாஞ்சைக் குளோரின் கலந்த குழாய் நீரில் வெளுக்கத் துவைப்பது. அப்படிச் செய்தால் அழுக்கோடு வேலைக்காரர்களும் போய் விடுவார்கள். தொட்டி நீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதுமானது.

குமிழியைக் கொண்டு அழுக்கை நேரே வெளியேற்றும் முறை ஒன்றும் உண்டு. குழப்பம் பெரும்பாலும் இதனாலேயே விளைகிறது. கருப்பஞ்சாறு காய்ச்சுகிறவர்கள், வெண்டைத் தண்டின் சாற்றை விட்டு, பொங்கி வரும் அழுக்கு நுரையைக் கரண்டியால் அரித்து எறிவதைப் பார்த்திருக்கலாம். நுரையில் அழுக்கு சேருவது போலவே, நீரில் கரைந்த புரதம் முதலிய பொருள்களும் குமிழியின் மேற்புறத்தில் ஒட்டிக் கொள்ளும். இப்பொருள்களின் ஒரு முனை நீரை விரும்பும். மறுமுனை நீரை வெறுத்துக் காற்றை நாடும். ஒரு உயரமான குழாயில் கோடிக்கணக்கான சிறு குமிழிகளை விட்டு, மேலே குவியும் நுரையைத் தனிக் கிண்ணத்தில் வழிய விட்டால், புரதம் அழுகி அமோனியாவாகும் முன்பே அதை அப்புறப்படுத்தி விடலாம். புரத நுரைப்பான் எனப்படும் இக்கருவி 1960-களில் ஜெர்மனியில் விருத்தியடைந்து, கடல் மீன்களையும் பவளங்களையும் வளர்ப்பவர்களுக்கு மிகவும் பயன்பட்டு வருகிறது. இங்கே குமிழி எவ்வளவு சிறிதோ அவ்வளவு நல்லது என்பது உண்மை.

ஆனால் இக்கருவி கடல் நீருக்கானது. உப்பு நீரில் சிறு குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே நிற்கும். நல்ல நீரில் அவை ஒன்றை ஒன்று விழுங்கிப் பெருங்குமிழியாகி விடும். ஒரு குவளை கிணற்று நீரையும், கைப்பிடி உப்புக் கரைத்த மற்றொரு குவளை நீரையும் ஒரே மாதிரிக் கல்லால் ஊதிப் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். கடலோரத்தில் நுரை நிற்பதும் ஏரிக்கரையில் அவ்விதம் நிற்காததும் ஓரளவு இதனால்தான். (2019 டிசம்பரில் சென்னை மெரினாவில் முழங்கால் அளவுக்குக் குவிந்து, குழந்தைகள் அதில் விளையாடிய வெள்ளை நுரை இயற்கை நுரை அன்று, நகரத்துக் கழிவின் பெருமை அது.) கொளத்தூர்ச் சந்தைக்குப் போகும் தங்கமீன், கோய்க் கெண்டை, மோலி, கப்பி, ஏஞ்சல் முதலியவை நல்ல நீரிலேயே வளர்க்கப்படுகின்றன. இவற்றுக்காகப் புரத நுரைப்பான் வாங்குவது, புஞ்சைக் காட்டுக்கு நடவு யந்திரம் வாங்குவதற்கு ஒப்பாகும். மோலிக்குச் சிலர் சிறிது உப்புச் சேர்ப்பதுண்டு. அந்த அளவு உப்பு இக்கருவி வேலை செய்வதற்குப் போதாது. இதைச் சொல்லாமல் விற்பவன் விஷயம் தெரியாதவனாக இருக்கலாம். தெரிந்தே விற்பவனும் உண்டு.

கண்ணுக்கே புலப்படாத அதிநுண் குமிழிகளைப் பற்றிய பேச்சும் இப்போது அதிகம். இவை மேலே ஏறாமல் நெடுநேரம் நீரிலேயே தங்குகின்றன என்பதும், இவற்றைக் கொண்டு பலவிதமான ஆராய்ச்சிகள் நடைபெறுகின்றன என்பதும் வாஸ்தவம். அழுத்தத்தில் காற்றைக் கரைத்துத் திடீரென அழுத்தத்தை நீக்கி, உண்டாகும் சிறு குமிழிகளால் பாசியை மிதக்க வைத்து வழிக்கும் முறை பெரிய நகரங்களின் குடிநீர்ச் சாலைகளில் வழக்கத்தில் உள்ளது. அங்கே நிபுணர்கள் இரவும் பகலும் காவலிருக்கின்றனர். பத்துச் சிமெண்டுத் தொட்டி வைத்திருக்கும் விவசாயிக்கு, அந்த யந்திரத்தின் விலையை மீன் விற்ற லாபத்தில் எத்தனை வருஷத்தில் திரும்ப எடுக்க முடியும் என்ற கேள்விக்கு விற்பவரிடமிருந்து திட்டமான பதில் வரும்வரை பொறுத்திருப்பதே உத்தமம். அழுத்தத்தில் காற்றைக் கரைப்பதில் ஆபத்தும் உண்டு. நீரில் வாயு அளவுக்கு மீறிக் கரைந்து விட்டால், மீனின் இரத்தத்திலும் செவுளிலும் கண்ணிலும் குமிழிகள் தோன்றி அதைக் கொல்லும். இறைக்கும் மோட்டாரின் உறிஞ்சு குழாயில் சிறு விரிசல் இருந்து காற்று இழுத்தால்கூட இவ்வியாதி வரக்கூடும். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வரும் நீரை நேரே தொட்டியில் விடாமல், தட்டில் விழச் செய்து தெளித்து விட வேண்டும் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா மீனுக்கும் ஒரே அளவு குமிழி வேண்டும் என்பதும் இல்லை. பைட்டர், கௌரமி வகைகள் மேலே வந்து வெளிக்காற்றையே விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்புடையவை. ஆண் மீன் வாயின் பசையால் குமிழிகளைக் கோத்து நீர்மட்டத்தில் கூடு கட்டி முட்டைகளை அதில் ஒட்டிக் காக்கிறது. அத்தொட்டியில் காற்றுக் கல்லைப் போட்டு நீரைக் கலக்கினால் கூடு கலைந்து முட்டை நாசமாகும். குமிழியின் அருமையை அறிந்த மீன் அது ஒன்றே. அதற்கு மனிதனின் குமிழி வேண்டியதில்லை.

பண்ணைக் குட்டையில் கெண்டை வளர்ப்பவர்கள் சிலர், தொட்டிக்குச் சொன்னது குட்டைக்கும் பொருந்தும் என்று நினைத்து அடியில் துளைக் குழாய் பதிக்க விரும்புகின்றனர். குட்டையின் கணக்கு வேறு. அங்கே பகலில் பாசியே பிராணவாயுவை உண்டாக்கி, இரவில் அதுவே சுவாசித்துக் குறைத்து விடுகிறது. விடியற்காலையில் கட்லா முதலியவை மேலே வந்து வாய் பிளப்பது இதனால்தான். ஆழமற்ற குட்டைகளுக்குச் சுழல் சக்கரமே சிக்கனமானது. அமெரிக்காவில் அலபாமா ராஜ்யத்து ஆபர்ன் சர்வகலாசாலையில் 1980-களில் செய்த பரீட்சைகளில், ஒரு யூனிட் சக்திக்குச் சுழல் சக்கரம் ஏறக்குறைய 2.2 கிலோ பிராணவாயுவைச் சேர்த்ததாகவும், அடியிலிருந்து குமிழி விடும் முறை 0.9 கிலோ அளவே சேர்த்ததாகவும் கண்டார்கள். நடுநிசிக்குப் பின் விடியும் வரை ஓட்டினால் பெரும்பாலும் போதும்.

இனி, ஜலத்தை மாற்றவே வேண்டியதில்லை என்னும் வாக்குறுதியைப் பற்றி. நுண்ணுயிர்கள் எவ்வளவு நன்றாக உழைத்தாலும் கடைசியில் நைட்ரேட்டு மிஞ்சும். அது அமோனியாவைப் போலக் கொடியதல்ல என்றாலும் நாளடைவில் சேர்ந்து மீனின் வளர்ச்சியைத் தடுக்கும். எந்தக் குமிழியும் அதை வெளியேற்றாது. நீரை மாற்ற வேண்டும், அல்லது செடி அதை உண்ண வேண்டும். ஆயிரம் லிட்டர்த் தொட்டி பத்து வைத்திருப்பவர், வாரம் ஒரு முறை கால்வாசி நீரை மாற்றினால் 2,500 லிட்டர் ஆகும். ஒரு ஏக்கர் நிலத்துக்கு இரண்டங்குல உயரம் ஒரு தண்ணீர் கட்ட ஏறக்குறைய 2 லட்சம் லிட்டர் வேண்டும். அதாவது வாரம் முழுவதும் மீனுக்குக் கழித்த நீர், ஒரு ஏக்கர் தண்ணீர்க் கட்டில் எண்பதில் ஒரு பங்கு. நகரத்தில் மாடி வீட்டில் மீன் வளர்ப்பவனுக்குத் தண்ணீரை மாற்றுவது சிரமம். கழிவைச் சாக்கடையில் கொட்டுவதைத் தவிர அவனுக்கு வேறு வழியில்லை. கிணறும் தோட்டமும் உள்ளவனுக்கு அந்தச் சிரமம் எங்கே இருக்கிறது? நைட்ரேட்டு கலந்த நீர் அவனுக்குக் காசு கொடுத்து வாங்காத உரம். தொட்டிகளைத் தோட்டத்தை விடச் சற்று மேடான இடத்தில் கட்டி, அடிக் குழாயைத் திறந்தால் கீரைப் பாத்திக்கோ, தென்னைக்கோ, தீவனப் புல்லுக்கோ பாயும்படி செய்தால், நகரத்துக்காரன் யந்திரம் வைத்துத் துரத்தும் அழுக்கு இவனுக்கு விளைச்சலாகும். நகரத்தின் கஷ்டத்துக்காகப் பிறந்த கருவியைக் கிராமத்தில் வந்து விற்பது வியாபாரியின் சாமர்த்தியம். அதை வாங்காமலிருப்பது விவசாயியின் உரிமை.

தண்ணீர்ப் பஞ்சமுள்ள பிரதேசங்களில் ஒரே நீரைச் சுழற்றி உபயோகிப்பது அவசியமாகலாம் என்பதை மறுப்பதற்கில்லை. அங்கேயும் முதலில் வேண்டியது கூழாங்கல்லோ ஸ்பாஞ்சோ நிரப்பிய உயிர் வடிகட்டியும், அதன் பின் செடிப் பாத்தியுமே. குமிழி அதற்கு ஏவலாள்.

மின்சாரம் நின்றால் என்ன செய்வது என்பதை யோசிக்காமல் தொட்டியை நெருக்கமாக நிரப்புகிறவர்கள் ஒரு இரவில் பல மாத உழைப்பை இழக்கிறார்கள். குமிழியை நம்பி அதிக மீன் விட்ட தொட்டியில், குமிழி நின்ற சில மணி நேரத்துக்குள் ஆபத்து வந்து விடும். பேட்டரியில் ஓடும் சிறு காற்று மோட்டார் ஒன்றைக் கைவசம் வைத்துக் கொள்வது, நுண்குமிழி யந்திரத்தில் பத்தில் ஒரு பங்கு செலவுகூட ஆகாத காரியம். மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வைக்க வேண்டும். கீழே வைத்தால் மின்சாரம் நின்றதும் குழாய் வழியே நீர் திரும்பி இறங்கி மோட்டாரைக் கெடுத்து விடும். கடைசி வழியாக, வாளியால் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக் கொண்டிருந்தாலும் மீன் பிழைக்கும்.

கிராம அதிகாரிகளும் கடன் மனுக்களைப் பரிசீலிப்பவர்களும், மனுவில் காணும் யந்திரப் பட்டியலின் நீளத்தைக் கொண்டு திட்டத்தை மதிப்பிடுதல் சரியன்று. கிணற்றில் கோடையில் எவ்வளவு நீர் நிற்கிறது, அதன் காரநிலை என்ன, கழிவு நீர் எங்கே போகிறது, மின்சாரம் தடைப்பட்டால் மாற்று வழி உண்டா என்ற நான்கு கேள்விகளுக்கு விடையிருந்தால், யந்திரம் குறைவாயிருப்பது ஒரு குறையல்ல. கழிவு நீரைப் பற்றி அதிகாரிகள் கவனிக்க வேண்டியது மற்றொன்றும் உண்டு. கண்ணாடித் தொட்டியின் பாசியைத் தின்று சுத்தம் செய்யும் என்று டேங்க் கிளீனர் என்ற பெயரில் விற்கப்படும் தென் அமெரிக்கக் கவச மீன், பெருத்து விட்டதும் ஏரியிலும் வாய்க்காலிலும் எறியப்பட்டு, தமிழ்நாட்டின் பல நீர்நிலைகளில் பல்கி விட்டது. அது கரையைக் குடைந்து வளை செய்கிறது, அதன் முள்ளால் மீனவர்களின் வலை கிழிகிறது, விலைக்கும் போவதில்லை. தொட்டிகளின் வடிகால் வாய் ஒவ்வொன்றிலும் குஞ்சும் முட்டையும் தப்பாத சன்ன வலை கட்டியிருக்கிறதா என்று பார்த்த பிறகே, அந்த வடிகால் ஊர் வாய்க்காலோடு சேர அனுமதிக்கப்பட வேண்டும். உப்பும் மருந்தும் இட்ட நீருக்குத் தோட்டத்துக்கும் வாய்க்காலுக்கும் சேராத தனிக் குழி ஒன்று, கிணற்றிலிருந்து நல்ல தூரத்தில் வெட்டப்பட்டிருக்க வேண்டும்.